பிரிசில்லா டீச்சரின் பாரம்

புதுப்பட்டினத்தில் இரண்டு தமிழ் உண்டு. ஒன்று கடைத்தெருவில் நாள் முழுக்கப் புழங்குவது. மற்றொன்று ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்துச் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வருவது. இரண்டிலும் 'பாரம்' என்ற சொல் இருக்கிறது. கடைத்தெருவில் அதற்கு எடை என்று பொருள். அரிசி மூட்டை பாரம், ஐஸ் போட்ட மீன் கூடை பாரம். கிறிஸ்தவச் சபையிலோ அது ஒரு வரம். 'அந்த ஐயாவுக்குக் கிராமங்கள் மேல் பாரம் உண்டு' என்றால், கிராமங்களை நினைத்து அவர் உருகுகிறார், ஆண்டவரே அந்த உருக்கத்தை அவர் நெஞ்சில் வைத்திருக்கிறார் என்று அர்த்தம். ஆக, தூக்க முடியாததும் பாரம், தூக்கத் துடிப்பதும் பாரம். இந்த இரண்டுக்கும் நடுவில் போய் மாட்டிக்கொண்டவள் பிரிசில்லா.

நாற்பதைத் தொடப்போகும் வயது. திங்கள் முதல் வெள்ளி வரை ஒரு நர்சரிப் பள்ளியில் எல்கேஜி டீச்சர். சனிக்கிழமை பிற்பகல் மீனவர் குப்பத்துப் பிள்ளைகளுக்குப் பாட்டும் கதையும். ஞாயிறு காலை சபையில் சிறுவர் வகுப்பு. அதாவது வாரத்தில் ஐந்து நாள் சம்பளத்துக்காகவும் இரண்டு நாள் பரலோகத்துக்காகவும் பிள்ளைகளைக் கட்டி மேய்த்தாள். ஞாயிறு வகுப்புக்கு எல்லாச் சபைகளிலும் ஓய்வுநாள் பள்ளி என்றுதான் பெயர். அவளுக்கு வாரத்திலேயே அதிக வேலை இருந்தது அன்றைக்குத்தான். அந்தப் பெயரில் இருந்த வேடிக்கை பல வருஷமாக அவள் காதில் விழவில்லை.

வேலையில் அவள் கெட்டிக்காரி. கதையை வாயால் சொல்வதோடு நிறுத்துகிறவள் அல்ல. கோலியாத்து கல்லடி பட்டு விழும்போது அவளும் பொத்தென்று விழுவாள். சிங்கக் குகையில் சிங்கங்கள் கொட்டாவி விடும்போது அவள் விடுகிற கொட்டாவி கடைசி வரிசை வரைக்கும் தொற்றும். குப்பத்துப் பிள்ளைகளில் பெரும்பாலோர் இந்துக்கள். மாசி மகத்தன்று கடலில் முழுகினார்கள், சனிக்கிழமை டீச்சரிடம் பாட்டுப் படித்தார்கள். இரண்டு இடத்திலும் சுண்டல் கிடைத்தது. எதிலும் அவர்களுக்குக் குழப்பம் இல்லை. குழப்பம் எல்லாம் டீச்சருக்குத்தான், அதுவும் சமீப காலமாக.

முதலில் ஜெபத்தில்தான் அது தெரிந்தது. கண்ணை மூடி உட்கார்ந்தால் ஆண்டவர் வரவில்லை, அடுத்த வாரப் பாடம் வந்தது. எந்த வசனத்தைப் படித்தாலும் இதற்கு எந்தக் கையை ஆட்டலாம், எந்த ஸ்டிக்கரை ஒட்டலாம் என்றே மனசு போயிற்று. கல்பாக்கம் பஸ்ஸில் முன் சீட்டில் இரண்டு பிள்ளைகள் சத்தம் போட்டபோது, "கையக் கட்டு, வாயப் பொத்து" என்று அவளையறியாமல் அதட்டிவிட்டாள். பிள்ளைகள் சிரித்தன. நடத்துநர்தான் பயந்துபோய்க் கையைக் கட்டினார்.

அதையெல்லாம் சிரித்துக் கடந்துவிடலாம். கடக்க முடியாத ஒன்று மாசி கடைசிச் சனிக்கிழமை நடந்தது. தேவிப்பிரியா என்று ஒரு சிறுமி, மீன் விற்கும் கன்னியம்மாவின் மகள், எல்லாவற்றுக்கும் கேள்வி கேட்கிறவள், அன்றைக்குக் கேள்வி எதுவும் இல்லாமல் வந்து முன்னால் நின்றாள்.

"டீச்சர், எங்க ஆட்டுக்குட்டி செத்துப்போச்சு."

"வெரி குட். போய் உக்காரு," என்றாள் பிரிசில்லா.

பிள்ளை போய் உட்கார்ந்துகொண்டது. வகுப்பு நடந்தது, பாட்டு நடந்தது, சுண்டல் நடந்தது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவள் காதில் விழுந்தது. வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. பிள்ளைகளை நினைத்தால் வயிற்றில் ஏதாவது அசையும், இத்தனை வருஷம் அவளை இழுத்துக்கொண்டு வந்தது அதுதான். இப்போது அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தது. இப்படியே போனால் பிள்ளைகளை வெறுத்துவிடுவோம் என்று பயந்தாள். விட்டுவிட்டாலோ ஆண்டவரை விட்டதாகிவிடும் என்று அதைவிடப் பயந்தாள். கொஞ்சம் நிற்க வேண்டும், ஆனால் விலகக் கூடாது. அதற்கு என்ன பெயர் என்று தெரியவில்லை.

வியாதிக்காவது ஒரு பெயர் செங்கல்பட்டில் கிடைத்தது. சிறுவர் ஊழியர்களுக்கு ஒரு நாள் பயிற்சி முகாம் என்று பாஸ்டர் அனுப்பிவைத்தார். தலைப்பு: 'ஊழியத்தில் சோர்ந்துபோகாதிருப்பது எப்படி'. விடிவதற்கு முன் எழுந்து, சமைத்துவைத்து, திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் நின்றுகொண்டே போய்ச் சேர்ந்தாள். முகாமை நடத்திய சுஜாதா அக்கா சுறுசுறுப்பானவர், கையில் மைக், காதில் இன்னொரு மைக். இந்த வியாதிக்குப் பர்ன்-அவுட் என்று பேர், விளக்கில் எண்ணெய் இல்லாமல் திரி எரிகிறது, திரி எரியக் கூடாது எண்ணெய்தான் எரிய வேண்டும், எண்ணெய் என்பது விசுவாசம் என்றார். நல்ல வார்த்தை. பிரிசில்லா குறித்துக்கொண்டாள். ஆனால் அக்காவுக்குச் சொல்வதற்கு நிறைய இருந்ததால் காலை டீ இடைவேளையை ரத்து செய்தார். சாப்பாட்டு நேரத்தைக் கலந்துரையாடலாக மாற்றினார். பிற்பகல் 'இளைப்பாறுதல்' என்ற அமர்வில் எல்லோரும் தூங்கி வழிந்ததால், எழுப்புவதற்காக நாற்காலியைச் சுற்றி ஓடும் விளையாட்டு வைத்தார். பிரிசில்லா இரண்டாம் பரிசு வாங்கினாள். ஒரு டிபன் பாக்ஸ். திரும்பும் பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு, எண்ணெயை எங்கே ஊற்றுவது என்று யோசித்துக்கொண்டே வந்தாள்.

சரி, சபையிலேயே சொல்லிவிடுவோம் என்று தீர்மானித்தாள். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் சாட்சி நேரம் உண்டு. யார் வேண்டுமானாலும் எழுந்து மனசில் இருப்பதைச் சொல்லலாம். பாஸ்டர் உலகநாதன் முன்னால் உட்கார்ந்து கேட்பார். மதுராந்தகம் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, லாரி ஓட்டி, பிறகு ஊழியத்துக்கு வந்தவர். ஞானஸ்நானத்தின்போது பேரை மாற்றச் சொன்னார்களாம். 'உலகத்துக்கு நாதன் யாருன்னு இப்பத்தானே தெரிஞ்சுது, இப்பப் போயி மாத்தச் சொல்றீங்களே' என்று மறுத்துவிட்டார். நல்ல மனிதர். ஒரே குறை, அவர் ஓய்வெடுத்து யாரும் பார்த்ததில்லை. கேட்டால், "சரக்கு சேர்ற வரைக்கும் வண்டி நிக்கக் கூடாது" என்பார்.

பிரிசில்லா எழுந்தாள். முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டாள்.

"ஆண்டவர் முன்னாடி உண்மையச் சொல்றேன். இந்தப் பிள்ளைங்க ஊழியம்... எனக்கு ரொம்ப பாரமா இருக்கு."

"அல்லேலூயா!" என்றது சபை.

அவள் திகைத்தாள். "இல்ல, நான் சொல்ல வந்தது, ராத்திரில தூக்கம் வரல. பாரம் நெஞ்ச அழுத்துது."

"ஸ்தோத்திரம்!" ரத்னா சிஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"தாங்க முடியல பாஸ்டர்," என்றாள் பிரிசில்லா, கடைசி முயற்சியாக.

"தாங்க முடியாத பாரம்!" பாஸ்டர் எழுந்தே விட்டார். "கேட்டீங்களா சபையே? நாம எல்லாம் நிம்மதியாத் தூங்குறோம். நம்ம சிஸ்டர் பிள்ளைங்களுக்காகத் தூக்கமில்லாமத் தவிக்கிறாங்க. இந்தப் பாரத்த ஆண்டவர் வீணாக்க மாட்டாரு. மே மாசம் விடுமுறை வேதாகமப் பள்ளி, மூணு குப்பத்துக்கும் சேர்த்து, நம்ம பிரிசில்லா சிஸ்டர்தான் பொறுப்பு!"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அவள் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த ரத்னா அவள் கையைப் பிடித்து, "எனக்கும் அந்தப் பாரம் வேணும்னு ஜெபம் பண்ணுங்க" என்றார். பாதியை அப்போதே கொடுத்துவிடலாமா என்று பிரிசில்லா யோசித்தது உண்மை.

அவள் கணவர் தீனதயாளன் ஏசி மெக்கானிக். கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் எடுத்தவர், கிறிஸ்மஸுக்கும் பிரியாணிக்கும் சபைக்கு வருவார். நடந்ததைக் கேட்டுச் சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனார்.

"நீ இன்னா பண்ணியிருக்கணும் தெரியுமா? 'வேணாம்'னு சொல்லியிருக்கணும். அது எந்தத் தமிழ்லயும் வேணாந்தான்."

"ஆண்டவர் வேலைய வேணாம்னு எப்பிடிங்க சொல்றது?"

"ஆண்டவருகிட்ட எதுக்குச் சொல்ற? உலகநாதன் அண்ணாத்தகிட்ட சொல்லு. பாரு பிரிசி, கம்ப்ரசர்னு ஒண்ணு கீது. கொஞ்ச நேரம் ஓடும், கட்-ஆஃப் ஆவும், மறுபடி ஓடும். கட்-ஆஃப் ஆவாம ஓடிகினே இருந்துச்சுன்னா, கூலிங் சூப்பரா கீதுன்னு கஸ்டமர் சந்தோஷப்படுவான். ரெண்டு மாசத்துல எனக்குப் போன் வரும்."

"நான் இன்னா ஃப்ரிட்ஜா?"

"ஃப்ரிட்ஜுக்காவது வாரண்டி கீது," என்றார் அவர்.

அவர் சொன்னது சரி என்று அவளுக்குப் பட்டது. சரியாகப் பட்டதாலேயே சந்தேகமாகவும் இருந்தது. சபைப் பக்கமே வராத ஒருவரிடமிருந்து ஆலோசனை வந்தால் அதை ஆண்டவர் பேசியதாக எடுத்துக்கொள்வதா, சோதனை என்று தள்ளுவதா? ஜெபத்தில் கேட்டுப் பார்த்தாள். பதிலுக்கு நோவாவின் பேழையை அட்டைப் பெட்டியில் செய்யும் முறைதான் மனசில் வந்தது.

மே மாதம் பிறந்ததும், குப்பத்துக்கு மூன்று நாள் என்று பள்ளி தொடங்கியது. வெயில் மணலைப் பொரித்தது. முதல் இரண்டு குப்பங்களையும் அவள் எப்படி முடித்தாள் என்று அவளுக்கே ஞாபகமில்லை. பாட்டு பாடினது தொண்டை, கதை சொன்னது கை கால். அவள் சற்றுத் தள்ளி நின்று, இந்தப் பொம்பளை இன்னும் விழவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது கன்னியம்மாவின் குப்பம். அங்கே போன முதல் நாளே தேவிப்பிரியாவைக் கூப்பிட்டு, இத்தனை சனிக்கிழமைகளாகக் கேட்கத் துணியாததைக் கேட்டாள்.

"ஆட்டுக்குட்டி செத்துப்போச்சுன்னு சொன்னியே கண்ணு, அன்னிக்கு டீச்சர்..."

"அதுவா? அது எப்பவோ செத்துச்சு டீச்சர். இப்ப வேற கீது. கருப்பு." ஓடிப் போய்விட்டது பிள்ளை.

மன்னிப்பு கேட்க வந்தவளுக்கு அது கிடைத்ததா, தேவைப்படவே இல்லையா என்று தெரியாமல் பிரிசில்லா மணலில் நின்றாள்.

கடைசி நாள் பாடம், புயலில் படகு. சீஷர்கள் படகில் போகிறார்கள், காற்று எழும்புகிறது, தண்ணீர் உள்ளே வருகிறது, இயேசுவோ பின்பக்கத்தில் தலையணை வைத்துத் தூங்குகிறார். மற்ற இடங்களில் இது அற்புதக் கதை. குப்பத்தில் இது தொழில் சம்பந்தப்பட்ட விஷயம். பிள்ளைகள் கேள்விகளால் வளைத்துக்கொண்டார்கள்.

"எந்தப் பக்கக் காத்து டீச்சர்? வாடையா, கச்சானா?"

"இஞ்சின் ஆஃப் ஆயிடுச்சா?"

"அது துடுப்புப் படகுப்பா."

"அப்ப அவரு மட்டும் துடுப்பு வலிக்காம தூங்குனாரா? மத்தவங்க திட்டல?"

"திட்டுனாங்க," என்றாள் பிரிசில்லா. "நாங்க சாகப்போறோம், உமக்குக் கவலையில்லையான்னு கேட்டாங்க. ஆனா அவருக்குப் பிதா மேல நம்பிக்கை. அதான் தூங்குனாரு."

தேவிப்பிரியா கையைத் தூக்கினாள். "டீச்சர், முந்தாநாளு ஒரு பாட்டு சொல்லிக்குடுத்தீங்களே. சாமி தூங்கவே தூங்காது, எப்பவும் நம்மளப் பாத்துகினே இருக்கும்னு."

"ஆமா."

"இன்னிக்கு தூங்குதே?"

பிரிசில்லா வாயைத் திறந்தாள். பிதா தூங்குவதில்லை, குமாரன் மனுஷனாக வந்ததால் தூங்கினார் என்று பாடப் புத்தகத்தில் பதில் இருந்தது. அதைச் சொல்லவும் சொன்னாள். சொல்லும்போதே அது தனக்கு விளங்கவில்லை என்று தெரிந்தது. பிள்ளை கொஞ்சம் யோசித்துவிட்டு, தானே முடிவுக்கு வந்தது.

"எங்கப்பாவும் போட்ல தூங்குவாரு டீச்சர். சித்தப்பா முழிச்சிகினு இருப்பாரு. அதான் தூங்குவாரு. ரெண்டு பேரும் முழிச்சிகினு இருந்தா ரெண்டு பேரும் கரைக்கு வந்து சண்ட போட்டுப்பாங்க."

"வெரி..." என்று ஆரம்பித்து, பிரிசில்லா சட்டென்று நிறுத்திக்கொண்டாள். 'நல்ல கேள்வி' ஸ்டிக்கரை எடுத்து ஒட்டினாள்.

அடுத்து நாடகம். கரையில் ஏற்றி வைத்திருந்த கன்னியம்மா வீட்டு ஃபைபர் போட்தான் மேடை. மேலே வெயிலுக்குப் பச்சை வலை கட்டியிருந்தது. வேஷம் கொடுக்கும்போது சிக்கல் வந்தது. எல்லோருக்கும் புயல் வேண்டும், யாருக்கும் இயேசு வேண்டாம். புயலுக்கு ஓடலாம், கத்தலாம், பிளாஸ்டிக் குடத்தில் தண்ணீர் மொண்டு ஊற்றலாம். இயேசுவுக்குப் படுத்திருப்பதைத் தவிர வேலையே இல்லை. மூன்று பேரைப் படுக்க வைத்துப் பார்த்தாள். ஒருவன் சிரித்தான், ஒருத்தி சொறிந்தாள், மூன்றாமவன் எழுந்து புயலோடு சேர்ந்துகொண்டான்.

"டீச்சர், நீயே படு டீச்சர்," என்றார்கள்.

வேறு வழியில்லை. வலைக் குவியலைத் தலைக்கு வைத்துப் படகின் பின்பக்கத்தில் படுத்தாள் பிரிசில்லா. பாதி மீன் நாற்றம், பாதி காற்று. வலையின் நிழல் முகத்தில் கட்டம் கட்டமாக விழுந்தது. "ரெடி, ஒன் டூ த்ரீ" என்ற குரல் வரைக்கும் அவளுக்கு ஞாபகம் இருக்கிறது.

அதன் பிறகு நடந்தது பிறர் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். தேவிப்பிரியா தலைமையில் புயல் எழும்பியது. தண்ணீர் இறைத்தது. சீஷர்கள் "டீச்சர், சாகப்போறோம்! டீச்சர், எழுந்திரு!" என்று கத்தினார்கள். டீச்சர் எழுந்து காற்றை அதட்ட வேண்டிய இடம். எழவில்லை. கொஞ்சம் பெரிய சீஷன் ஒருவன் தோளைப் பிடித்து உலுக்கினான். டீச்சர் திரும்பிப் படுத்தாள். கூடையோடு வந்த கன்னியம்மா எட்டிப் பார்த்தாள்.

"டேய், வுடுங்கடா. தூங்கிகினு கீது. எத்தினி நாளு தூக்கமோ பாவம்."

"நாடகம்மா!"

"இன்னா நாடகம்? கொறட்ட கேக்கல?"

அப்போது புயல் ஒரு காரியம் செய்தது. யாரும் அதட்டாமலே புயல் உட்கார்ந்தது. தேவிப்பிரியா குடத்தைக் கீழே வைத்துவிட்டு, வாயில் விரலை வைத்து மற்றவர்களைப் பார்த்து, "சொம்மா இருங்க" என்றாள். கடல் மட்டும்தான் கேட்கவில்லை. அது தன் வழக்கப்படி இரைந்தது.

பாஸ்டர் உலகநாதன் வந்து சேர்ந்தது அந்த நேரத்தில். விடுமுறைப் பள்ளியைப் பார்வையிடச் செங்கல்பட்டிலிருந்து வந்திருந்த சுஜாதா அக்காவும் கூட. பிள்ளைகள் எல்லாம் மணலில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்க, நடுவே படகில் டீச்சர் அசையாமல் படுத்திருப்பதைப் பார்த்து சுஜாதா அக்கா நெஞ்சில் கை வைத்தார்.

"எவ்வளவு தத்ரூபமா நடிக்கிறாங்க! பிள்ளைங்க அப்படியே கட்டுண்டு கிடக்காங்க பாருங்க பாஸ்டர். இந்த நாடகத்த மாவட்டம் பூராவும் போடணும்."

படமும் எடுத்துக்கொண்டார். கன்னியம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் கையை ஊன்றி நின்றாள். ஒரு படம், இரண்டு படம் எடுத்து, கோணம் மாற்றி நின்று, சுஜாதா அக்கா மெல்ல செல்போனை இறக்கினார். இவ்வளவு நேரம் யாரும் நடிக்க மாட்டார்கள். அவர் பாஸ்டரைப் பார்த்தார். பாஸ்டர் கடலைப் பார்த்தார். பிறகு சுஜாதா அக்கா பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார்.

பிரிசில்லா கண் விழித்தபோது வெயில் சவுக்குத் தோப்புக்குப் பின்னால் போயிருந்தது. பிள்ளைகள் இல்லை. சுண்டல் பாத்திரம் கழுவிக் கவிழ்த்திருந்தது. பாஸ்டர் மட்டும் பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிவிட்டு மணலில் உட்கார்ந்திருந்தார். அவள் பதறி எழுந்தாள்.

"பிள்ளைங்க?"

"வூட்டுக்குப் போயாச்சு. பாட்டு பாடி, ஜெபம் பண்ணி, அதுங்களே முடிச்சிடுச்சுங்க." பாஸ்டர் மணலைக் கிளறினார். கேட்கக் கூடாததைக் கேட்கப் போகிறவர் போலக் குரலைத் தாழ்த்தினார். "சிஸ்டர், உள்ளதச் சொல்லுங்க. பின்மாற்றமா?"

விசுவாசத்தில் இருந்து விலகிப் போவதற்குச் சபைத் தமிழில் அதுதான் சொல். அதைவிடப் பெரிய சொல் கிடையாது.

"இல்ல பாஸ்டர்," என்றாள் பிரிசில்லா. "தூக்கம்."

"அன்னிக்குப் பாரம்னு சாட்சி சொன்னீங்களே."

"அது அந்தப் பாரம் இல்ல பாஸ்டர். அரிசி மூட்டைப் பாரம்."

பாஸ்டர் லாரி ஓட்டியவர், அரிசி மூட்டையின் எடை தெரியும்.

"அப்ப அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேன். நீங்க அல்லேலூயா சொன்னீங்க."

பாஸ்டர் உலகநாதனிடம் எல்லாவற்றுக்கும் ஒரு வசனம் இருக்கும். அன்றைக்குத் தேடினார். அகப்படவில்லை. அவரை அப்படிப் பார்ப்பது பிரிசில்லாவுக்குச் சங்கடமாக இருந்தது. ஆறுதலும் சொல்லத் தோன்றியது. அதையும் ஊழியமாக ஆக்கிக்கொள்ளக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டாள்.

"கொஞ்ச நாள் வகுப்ப நான் எடுக்கிறேன்," என்றார் கடைசியில். "ஆனா ஒண்ணு கேக்கணும். விட்டுட்டுப் போனா திரும்ப வருவீங்களா?"

அவளும் தன்னை அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். வருவேன் என்றால் பொய்யாகலாம், வரமாட்டேன் என்றால் அதுவும் பொய்யாகலாம்.

"தெரியல பாஸ்டர்."

"ஜெபம் பண்ணலாமா?"

"நீங்க பண்ணுங்க. நான் கேட்டுக்கறேன்."

பாஸ்டர் ஜெபித்தார். வழக்கத்தைவிடச் சின்ன ஜெபம், நடுவில் இரண்டு இடத்தில் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றார். அவர் செய்ததிலேயே நல்ல ஜெபம் அதுதான் என்று அவளுக்குத் தோன்றியது. அதைச் சொன்னால் மனசு வருத்தப்படுவார் என்று சொல்லவில்லை.

ஓய்வு என்பது அவள் நினைத்த மாதிரி இல்லை. பள்ளிக்கூடமும் மே முழுக்க விடுமுறை. முதல் சனிக்கிழமை காலையில் எழுந்து துணிகளை எல்லாம் துவைத்தாள். துவைத்து முடித்து, சுத்தமாக இருந்த துணிக் கட்டு ஒன்றையும் துவைத்தாள். "ரெஸ்ட்ல எத்தினி பக்கெட்டு போவும்?" என்று கேட்டுவிட்டு வேலைக்குப் போனார் தீனதயாளன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை தொடங்குவதற்கு முன்பே சபையில் பெரியவர்களோடு போய் உட்கார்ந்தாள். பக்கத்து அறையில் இருந்து பிள்ளைகள் பாடுவது கேட்டது. பாஸ்டர் சுருதியை ஒரு கட்டை உயர்த்திப் பிடித்துவிட்டார், மூன்றாவது அடியில் பிள்ளைகளுக்குத் தொண்டை எட்டாது. எழுந்து போய்ச் சொல்லலாமா? நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாவது அடி வந்தது. பிள்ளைகள் கத்திப் பாடிக் கடந்துவிட்டன.

அங்கேதான் அவளுக்குக் குழப்பம் முற்றியது. தான் தூங்கினாலும் ஒருவர் விழித்திருக்கிறார், தான் இல்லாவிட்டாலும் பிள்ளைகள் முழுகிப்போக மாட்டார்கள் என்று நம்புவதற்குத்தான் விசுவாசம் என்று பெயர். பிள்ளைகளுக்கு அதை அவள்தான் சொல்லிக் கொடுத்தாள். அவள் மட்டும் அதை ஒருநாளும் நம்பியதில்லை. நம்பியிருந்தால் இடுப்பு ஒடிய இத்தனை வருஷம் ஒரு வாரம் விடாமல் ஓடியிருக்க மாட்டாள். சரி, இப்போது நம்பியாயிற்று. அவள் இல்லாமல் எல்லாம் நடக்கவும் நடக்கிறது. நடப்பதைக் கண்டு எழும்பிய இந்த எரிச்சலுக்கு என்ன பெயர்? ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று ஒப்படைத்த பிறகு, அவர் உண்மையாகவே பார்த்துக்கொண்டால் இப்படிச் சுள்ளென்று இருக்குமா?

ஜெபமும் மாறிப்போயிருந்தது. கண்ணை மூடினால் பாடம் வரவில்லை. வேறொன்றும் வரவில்லை. "ஆண்டவரே" என்று ஆரம்பித்து, கேட்பதற்கு எதுவும் இல்லாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். நீர் முழித்திருக்கிறீரா என்று ஒருநாள் கேட்டாள். பதில் இல்லை. பதில் இல்லாதது முன்னைப்போல் பயமாக இல்லை. வீட்டில் ஒருவர் பேசாமல் பேப்பர் படித்துக்கொண்டிருப்பது போல் இருந்தது.

"ஜெபமா, தூக்கமா?" என்று கேட்டார் தீனதயாளன்.

"தெரியலங்க."

"எதுவோ ஒண்ணு. மூஞ்சி தெளிஞ்சு கீது."

மூன்றாவது வாரம் புதன்கிழமை. உலையில் அரிசி போட்டிருந்தாள். கன்னியம்மா கடைத்தெருவில் மீன் விற்கப் போகிற வழியில் தேவிப்பிரியாவை வாசலில் இறக்கிவிட்டு, "உன்னாண்ட இன்னாவோ கேக்கணும்னு காலைலேர்ந்து பேஜாரு டீச்சரம்மா. திரும்பி வரசொல்ல இட்டுகினு போறேன்" என்று நடையைக் கட்டினாள்.

பிள்ளை உள்ளே வராமல் கதவைப் பிடித்துக்கொண்டு ஆடியது.

"இன்னா கண்ணு?"

"பாஸ்டர் அய்யா யோனா கதை சொன்னாரு டீச்சர். பெரிய மீனு முழுங்கிச்சு, அப்புறம் கக்கிச்சு, ஆகையால் பிள்ளைகளே கீழ்ப்படியுங்கள். அவ்ளோதான். முடிஞ்சிபோச்சு."

"சரிதானே?"

"உள்ள எப்பிடி இருந்துச்சுன்னு சொல்லவே இல்ல! கேட்டா, 'இருட்டா இருந்துச்சு'ங்கிறாரு. எங்களுக்குத் தெரியாதா?"

பிரிசில்லாவுக்குச் சிரிப்பு வந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, வந்து நிற்கவும் மாட்டேன் என்றது. அதோடு கூடவே இன்னொன்றும் வந்தது. கை தானாக எழுந்தது. யோனா எப்படி வழுக்கி வழுக்கி உள்ளே போயிருப்பான், நாக்கு எப்படிச் சொரசொரவென்று இருந்திருக்கும், பாதி செரித்த நெத்திலிகள் முகத்தில் மோதும்போது அவன் எப்படி மூக்கைப் பிடித்திருப்பான் என்று முழுசாகக் கண்ணில் ஓடியது. ஊசி போட்ட இடத்தில் உணர்வு திரும்புகிற மாதிரி குறுகுறுத்தது. சந்தோஷமாக இருந்தது. உடனே பயமாகவும் இருந்தது. இது அழைப்பா, அரிப்பா? இப்போது கையை இறக்கினால் ஆண்டவரை மறுத்ததாகுமா, இறக்காவிட்டால் பழைய செக்கில் போய்த் தலையைக் கொடுத்ததாகுமா?

"சனிக்கெழம வரியா டீச்சர்?"

அவள் யோசித்தாள். வரேன் என்ற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்றது.

"இந்த வாரம் இல்ல."

"அடுத்த வாரம்?"

"தெரியலடி. நெசமாவே தெரியல. தெரிஞ்சா சொல்லியனுப்பறேன்."

பிள்ளைக்கு அதில் ஏமாற்றம் இருந்ததாகத் தெரியவில்லை. கதவை விட்டுவிட்டு உள்ளே வந்து, அடுப்பங்கரை வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தது.

"அப்ப எனக்கு மட்டும் சொல்லு. உள்ள எப்பிடி இருந்துச்சு?"

உலை கொதித்தது. பிரிசில்லா அடுப்பைச் சின்னதாக்கினாள். இது ஊழியத்தில் சேருமா, ஓய்வில் சேருமா என்று கேட்க யாருமில்லை, கேட்டாலும் சொல்லத் தெரிந்தவர் யாருமில்லை. தரையில் உட்கார்ந்து, மூக்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, "மொத மொதல்ல அவனுக்குத் தெரிஞ்சது நாத்தம்" என்று ஆரம்பித்தாள்.

"பொய்யி," என்றாள் தேவிப்பிரியா. "புது மீனு நாறாது."

"முழுங்கின மீனு புதுசு. உள்ள கெடந்தது பழசு."

பிள்ளை யோசித்துப் பார்த்தது. "சரி, மேல சொல்லு," என்றது.